ஒரே கணக்கு, நான்கு வழிகள்: திருகோணமலை வகுப்பறையில் எது எடுபடும்?

தரம் 4 கணித வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கிக் கழித்தல்தான் பாடம். "சந்தையில் 370 ரூபாய்க்குச் சூடை மீன் வாங்கி 500 ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு?" வகுப்பில் 35 பிள்ளைகள். ஒருவனுக்குக் காது சரியாகக் கேட்காது, கருவி போட்டிருக்கிறான். ஒருத்தி கணக்கை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். இன்னொருவனுக்கு எதையும் பிடித்துக்கொள்ளக் கூடுதல் நேரம் வேண்டும்.

இவர்கள் இந்த வகுப்பில் இருக்கலாமா என்ற கேள்வி முடிந்து போனது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆவது உறுப்புரை உட்படுத்தல் கல்வியை, அதாவது எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பதைப் பற்றியதுதான். எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கருத்து.

முதல் வழி, சாதாரணப் பாடசாலைக்குள் தனி வகுப்பாக இயங்கும் விசேட கல்வி அலகு. பெற்றோர் முதலில் கேட்பதும் அதைத்தான். "உங்கட ஸ்கூல்ல யுனிட் இருக்கா டீச்சர்?" நியாயமான கேள்விதான். பிரெயில் எழுத்தின் ஆறு புள்ளிகளை விரலுக்குப் பழக்குவதும் சைகை மொழியும் வகுப்பாசிரியர் இடைவேளையில் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயங்கள் அல்ல. அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும், அமைதியான இடமும் வேண்டும். ஆனால் கழித்தல் கணக்குக்கு அலகு எதற்கு? பிள்ளை அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் வகுப்பு பெருக்கலுக்குப் போயிருக்கும். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு "யுனிட் பிள்ளை" என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பாடசாலையிலும் அலகு இல்லை என்பதும் உண்மை. வெருகலில் இருந்து ஒரு சிறுவனைத் தினமும் நகருக்கு அனுப்ப எந்தக் குடும்பத்தால் முடியும்?

இரண்டாவது வழி, வகுப்பில் இரண்டு ஆசிரியர். வழக்கமாக நடப்பது, ஒருவர் கற்பிக்க மற்றவர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவது. இது எனக்குப் பிடிக்காத வடிவம். சில வாரங்களில் பிள்ளை பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரே பாடத்தை இருவரும் தனித்தனியாக நடத்துவது எவ்வளவோ மேல். ஒரு குழு விறாந்தைக்குப் போகலாம். உள்ளகப் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரி மாணவர் வரும் காலத்தில் இதைச் செய்ய முடியும். மற்ற நாட்களில்? ஓர் ஆசிரியர் லீவு போட்டாலே "இரண்டாவது ஆசிரியர்" பக்கத்து வகுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

மூன்றாவது, சக மாணவர் சோடி. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1980களில் வறிய பகுதிப் பாடசாலைகளுக்காக முறையாக வடிவமைக்கப்பட்டது. கெட்டிக்காரப் பிள்ளையை மெதுவான பிள்ளையோடு உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கெட்டிக்காரன் கணக்கைச் செய்து கொடுப்பான், மற்றவன் பார்த்து எழுதுவான். உண்மையான முறையில் முழு வகுப்பும் சோடியாகும். ஒருவர் 10 நிமிடம் கேள்வி கேட்பார், பிறகு பாத்திரம் மாறும். கேட்பவர் கையில் விடையும் எழுதிய கேள்வி அட்டை இருப்பதால் மெதுவான பிள்ளையும் "டீச்சர்" ஆகலாம். பிழை விட்டால் சரியான விடையைச் சொல்லி, மற்றவரை மீண்டும் எழுத வைக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. சோடிகளை வாராவாரம் மாற்ற வேண்டும். இவற்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கவே சில நாட்கள் போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 17 சோடிகள் ஒரே நேரத்தில் பேசினால், தொடக்கத்தில் சொன்ன மூன்று பிள்ளைகளில் இருவருக்கு நல்லதாக இருப்பது மூன்றாமவனுக்குத் தண்டனையாகிவிடும். காதுக் கருவி டீச்சரின் குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. நம்முடைய அரைச்சுவர் மண்டபங்களில் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் மின்விசிறியும் ஏற்கெனவே போதிய சத்தம். பேசுபவரிடமிருந்து தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், இரைச்சல் குறையாது. ஆகவே அவனுடைய சோடிக்கு விறாந்தையோ மர நிழலோதான் இடம், எதிரெதிராக, முகம் தெரியும்படி.

நான்காவது, படிப்படியான நேரடிக் கற்பித்தல். முதலில் நான் செய்து காட்டுகிறேன், பிறகு சேர்ந்து செய்வோம், கடைசியில் நீ தனியாகச் செய். பழைய வாத்தியார் முறை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளைகளிடம் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. நம் கணக்கையே பாருங்கள். டீச்சர் கணக்கை உரக்க வாசிக்கிறார். வாசிப்புச் சிரமம் உள்ளவளுக்கு அங்கேயே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. ஐந்து 100 ரூபாய்த் தாள்களை மேசையில் வைக்கிறார். 70 ரூபாய் எடுக்கச் சில்லறை இல்லை; ஒரு தாளைப் பத்து 10 ரூபாய்க் குற்றிகளாக மாற்றுகிறார். "கடன் வாங்குதல்" என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று தாளும் ஏழு குற்றியும் போனால் மிச்சம் 130. பலகையில் எழுதும்போது பேசுவதில்லை, எழுதி முடித்துத் திரும்பிய பிறகே பேசுகிறார். உதட்டைப் பார்த்துப் பிடிப்பவனுக்கு அது போதும். வேகமான பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்ற குறை உண்மைதான். இரண்டு உதாரணங்களுக்குப் பிறகு அவர்களைத் தனியாகச் செய்ய விட்டுவிடலாம்.

'கற்றலுக்கான பொதுமை வடிவமைப்பு' என்று ஐந்தாவது ஒன்றும் பயிற்சிப் பட்டறைகளில் வரும். பாடத்தைப் பல விதமாகக் காட்டு, விடையைப் பல விதமாகச் சொல்ல விடு என்பது அதன் சாரம். திட்டமிடும்போது சரிபார்க்க நல்லது. அதைப் போட்டு "இவன் கண்ணால் படிப்பவன், அவள் காதால் படிப்பவள்" என்ற பிரிவினையோடு குழப்பாதீர்கள். அந்தப் பிரிவினைக்கு ஆய்வு ஆதரவு இல்லை.

ஒரே ஆசிரியர் உள்ள வகுப்பு என்றால் நான் தேர்வது நான்காவதையும் மூன்றாவதையும், அதே ஒழுங்கில்: 40 நிமிடப் பாடத்தில் முதல் பாதி படிப்படியாக, மறுபாதி சோடியாக. சோடியை முதலில் வைத்தால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பிழையைக் கற்பிப்பார்கள். இன்னொரு ஆள் கிடைக்கும் நாளில் வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம். அலகு இருந்தால் பிரெயிலுக்கும் சைகைக்கும் மட்டும், அதுவும் கணித நேரத்தைத் தொடாமல். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் யுனிட் இருக்கிறதா என்று கேட்பதோடு, பிள்ளை எந்த இடத்தில் உட்காருகிறான், இந்த வாரம் அவனுக்குச் சோடி யார், கேள்வி அட்டையில் ஒரு பிரதி வீட்டுக்குத் தருவீர்களா என்றும் கேளுங்கள்.