‘ஃபேர்’ என்ற சொல்லைத் தேடியபோது: ஓர் இணைய அகராதி மதிப்பீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’, ஆங்கிலச் சொற்களின் பிறப்பையும் பொருள் மாற்றத்தையும் கட்டணமின்றித் தரும் இணைய அகராதி. எளிய சொற்களில்தான் அகராதிகள் சறுக்கும் என்பதால், நியாய விலைக் கடையின் ஆங்கிலப் பெயரிலும் மணமகள் தேவை விளம்பரத்திலும் ஒருங்கே இடம்பெறும் ‘ஃபேர்’ என்னும் சொல்லைத் தேடிப் பார்த்தேன்.

பதிவு ஏமாற்றவில்லை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் கண்ணுக்கு இனியதையும் அழகானதையும் குறித்தது. மழையில்லாத தெளிந்த வானிலைக்கும் அதுவே பெயர். வெளிர்நிறத் தோலையும் முடியையும் குறிக்கும் பொருள் ஏறத்தாழ 1200-இலும், பாரபட்சமற்ற என்னும் பொருள் 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் எழுத்தில் தென்படுகின்றன. நிறப்பொருள் அக்கால அழகு ரசனையைக் காட்டுகிறது என்பதையும் பதிவு சொல்லாமல் விடவில்லை. (1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்து, 2020-இல் தன் பெயரிலிருந்து இச்சொல்லை நீக்கிக்கொண்ட முகப்பூச்சு இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் போகாது.) சந்தை, கண்காட்சி எனப் பொருள்படும் ‘ஃபேர்’, திருவிழா நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல் என்பதால், அதற்குத் தனிப் பதிவே தந்திருப்பது பாராட்டுக்குரியது.

குறைகளும் உண்டு. சொல்லின் அருகே காணப்படும் ஆண்டு, கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையதன் ஆண்டே தவிரச் சொல் பிறந்த ஆண்டன்று. அவசரமாகப் படிப்பவர் இதைத் தவறாகப் புரிந்துகொள்வார். அந்தச் சான்று எந்த நூலில், எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்பதும் பெரும்பாலும் தெரிவதில்லை. அதைவிடப் பெரிய குறை, இன்றைய வழக்கைப் பற்றியது. பேச்சில் ‘ஃபேர் இனஃப்’ என்றால் முழு உடன்பாடா, ‘சரி, இருக்கட்டும்’ என்னும் அரைமனதான ஒப்புதலா என்று அறிய விரும்பும் மாணவருக்கு இங்கே விடை கிடைக்காது. தேர்வுத் தாளில் ‘ஃபேர்’ என்று எழுதினால் அது ‘சுமார்’ என்பதற்குச் சற்றே மேல் என்னும் வழக்கின் வரலாறு கிடைக்கும். அதை எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது என்னும் வழிகாட்டுதல் கிடைக்காது.

ஆகவே மொழிபெயர்ப்பாளரும் ஆசிரியரும் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆங்கிலம் பேசவும் எழுதவும் பழகுவோர், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் கற்போர் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மூல மேற்கோளே வேண்டும் என்போர், சந்தா செலுத்தியோ நூலகத்தின் வழியாகவோ ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத்தான் நாட வேண்டும்.