‘ஸ்பீக்’ நாவல்: தடை கேட்பவர்கள் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்களா?

லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999இல் வந்த நாவல். அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேரும் மெலிண்டாதான் கதை சொல்கிறாள். பள்ளி திறப்பதற்கு முன்னால், கோடை விடுமுறைப் பார்ட்டி ஒன்றில் சீனியர் பையன் அவளை வல்லுறவு செய்கிறான். போலீசுக்குப் போன் போடுகிறாள், ஆனால் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. போலீஸ் வந்ததில் பார்ட்டி கலைந்ததுதான் மிச்சம். போட்டுக்கொடுத்தவள் என்று பள்ளியே அவளை ஒதுக்கிவிடுகிறது, நெருங்கிய தோழி உட்பட. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சே நின்றுபோகிறது.

இவ்வளவு கனமான கதையில் சிரிப்பும் வருகிறது, அதுதான் ஆச்சரியம். பள்ளியில் சேர்ந்ததும் பெரியவர்கள் சொல்லும் முதல் பத்துப் பொய்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறாள் பாருங்கள், படித்த எவருக்கும் தன் பள்ளி ஞாபகம் வரும்.

2010இல் மிசூரி மாநிலத்தின் ரிபப்ளிக் ஊரில் ஒரு பேராசிரியர் இதை ஆபாசப் புத்தகம் என்று பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருஷம் அங்கே பள்ளியிலிருந்து வேறு இரண்டு நாவல்களைத் தூக்கினார்கள், இது எப்படியோ தப்பித்தது. ஆபாசமா? அந்தச் சம்பவம் வருவதே சில பத்திகள்தான், அதையும் பயமும் குழப்பமுமாகத்தான் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார், கிளுகிளுப்பு தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, 2020இல் அதிக எதிர்ப்பு வந்த புத்தகங்களின் பட்டியலில் நான்காவது இடம், காரணங்களில் ஒன்று இது ஆண் மாணவர்களுக்கு எதிரானதாம்! கதையிலேயே அவளுக்கு உருப்படியாகத் துணை நிற்பவர்களில் ஓவிய ஆசிரியர் ஃப்ரீமேனும் வகுப்பில் ஆசிரியரையே எதிர்த்துக் கேட்கும் டேவிட்டும் ஆண்கள்தானே.

அப்புறம் ஒரு விஷயம், பள்ளியில் மெலிண்டா ஒளிந்துகொள்ளும் அறையில் அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ படம் ஒட்டியிருக்கும், பள்ளி நிர்வாகம் அவர் புத்தகத்துக்குத் தடை போட்டதால் நூலகர் கழற்றிக் கொடுத்த படம் அது. தடை கேட்டவர்கள் அந்தப் பக்கம் வரைக்கும் வந்தார்களா தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அப்பா அம்மா இருவரும் வெறும் நிழல்களாக வந்து போகிறார்கள், நடுவில் கொஞ்ச தூரம் கதை நகரவே மாட்டேன் என்கிறது, அமெரிக்கப் பள்ளிக் கோஷ்டிகளைப் பற்றிய கிண்டல் பாதி நமக்குப் பிடிபடாது.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள், அவர்கள் கேள்வி கேட்கும்போது முழிக்காமல் பதில் சொல்ல வேண்டுமே. இதே மாதிரி அனுபவம் உள்ள பிள்ளை என்றால், என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஆங்கிலம் எளிது, சின்னச் சின்னப் பகுதிகள். 2018இல் எமிலி கேரல் வரைந்த கிராபிக் நாவலும் இருக்கிறது, படங்களில் பயம் இன்னும் தூக்கல் என்பதால் முதலில் எழுத்து வடிவத்தையே வாங்குங்கள்.