பில் வேண்டாம் என்று தலையாட்டினேன், 4,000 ரூபாய் போச்சு

சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியில் அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்து கார் சாவியைத் திருகினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிக்கு வயது நாலரை. மதுரைச் சூட்டில் அது அவ்வளவு நாள் ஓடியதே பெரிசு. சூடுதான் உள்ளே தகட்டை அரித்துவிடும்.

ஆட்டோக்காரர்கள் இருவர் தள்ளிவிட்டார்கள். அணைக்காமல் ஓட்டிவந்து, பைபாஸ் ரோட்டில் கண்ணில் பட்ட முதல் கடையில் நிறுத்தினேன்.

கடைப் பையன் மீட்டர் எதுவும் வைக்கவில்லை. பானட்டைத் திறந்ததுமே, "பேட்டரி முடிஞ்சுபோச்சுண்ணே" என்றான். 35 ஏ.எச். (பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு), பெரிய கம்பெனி ஸ்டிக்கர், 4,600 ரூபாய். "பில் வேண்டாம்னா 4,000 குடுங்க, வாரண்டி கார்டு தர்றேன்." அறுநூறு மிச்சம் என்று தலையாட்டினேன்.

ஸ்பேனரை முதலில் பிளஸ்ஸில் வைத்தான். அது பாடியில் பட்டுப் பளீரென்று பொறி பறந்தது. மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். மைனஸ் வயர் பாடியோடு சேர்ந்திருக்கும்வரை பிளஸ்ஸில் உள்ள ஸ்பேனர் எந்த இரும்பில் பட்டாலும் ஷார்ட்தான். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வரும், பொறி பட்டால் வெடிக்கும். அப்போதாவது நான் கிளம்பியிருக்கலாம். பழைய பேட்டரியை "குப்பைதானேண்ணே" என்று உள்ளே தூக்கிப் போய்விட்டான்.

மூன்றாம் மாதம் திருமங்கலத்தில் மறுபடி அதே டக் டக்.

கார்டோடு அந்தக் கம்பெனியின் டீலர் கடைக்குப் போனேன். பெரியவர் ஒருவர் கார்டில் இருந்த நம்பரையும் பேட்டரி மேல் பொறித்த நம்பரையும் காட்டினார். வேறு வேறு. ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு கம்பெனி ஸ்டிக்கர்! பழசைக் கழுவி, சார்ஜ் ஏற்றி விற்றிருக்கிறார்கள். என்னுடையதும் இந்நேரம் யாரோ ஒருவர் காரில் புதுசாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் வாங்கினால் காசு கொடுக்கும் முன் அந்த இரண்டு நம்பரையும் ஒத்துப் பாருங்கள். கார்டில் தேதியும் கடை சீலும் வேண்டும்.

அவர் புதுசு மாட்டிவிட்டு மீட்டர் வைத்தார். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. "ஓடும்போது 13.5க்குக் கீழ நின்னா, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரைப் பாருங்க, இல்லைன்னா புதுசும் தாங்காது" என்றார். பழசில் இருக்கும் ஈயத்துக்காக 700 ரூபாய் கழிப்பாராம். சண்டைக்கு வேண்டுமே என்று நான்தான் அதைக் கொடுக்கவில்லை.

டிக்கியில் அதைப் போட்டுக்கொண்டு பைபாஸ் கடைக்குப் போனேன். பையன் இல்லை. கல்லாவில் இருந்தவர் பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்:

"இங்க வாங்கினதுக்கு பில் இருக்கா சார்?"