ஜிப்சம் போர்டு: நீரைக் குறைப்பதா, குமிழியைப் பெரிதாக்குவதா?

இரண்டு காகிதங்களுக்கு நடுவில் ஜிப்சக் கூழை இறுகவைத்துச் செய்யும் பலகைதான் ஜிப்சம் போர்டு. அதில் பெரும்பகுதி காற்று. கிண்டலுக்குச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான். கெட்டி ஜிப்சத்தின் அடர்த்தி லிட்டருக்கு 2.3 கிலோ. இன்றைய லேசான போர்டின் உள்பகுதியோ லிட்டருக்கு 0.6 கிலோ அளவில் நிற்கிறது. அதாவது நான்கில் மூன்று பங்கு வெற்றிடம். இந்த வெற்றிடம் இரண்டு வழியில் உண்டாகிறது. நுரையாகக் கலந்த காற்று விட்டுப்போகும் குமிழி ஒன்று. உலர்த்தியில் ஆவியான தண்ணீர் விட்டுப்போகும் நுண்துளை இன்னொன்று. முதலாவதற்குக் கொஞ்சம் சோப்பும் காற்றும் போதும். இரண்டாவதற்கு எரிபொருள் எரிய வேண்டும்.

போர்டை லேசாக்க வேண்டும், எரிபொருளும் மிச்சமாக வேண்டும் என்று கிளம்பும் எந்த ஆலைக்கும் முன்னால் இரண்டு பாதைகள் இருக்கின்றன: தண்ணீரைக் குறைப்பது, அல்லது காற்றை ஒழுங்காகப் பயன்படுத்துவது. இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் காசும் காலமும் வீணாகின்றன.

தண்ணீர்க் கணக்கு

ஜிப்சத்தைச் சுட்டு, அதன் படிகத்துக்குள் பூட்டியிருக்கும் படிகநீரில் முக்கால் பங்கை விரட்டினால் கிடைப்பது ஸ்டக்கோ. அதில் மறுபடி தண்ணீர் சேர்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள் பின்னிக்கொண்டு இறுகிவிடும். 100 கிலோ ஸ்டக்கோ இறுக வேதியியல் கேட்பது 18.6 கிலோ தண்ணீர் மட்டுமே. ஆனால் அந்த அளவில் கலந்தால் கூழ் ஓடாது, கட்டியாக நிற்கும். அது மிக்சரிலிருந்து வழிந்து காகிதத்தின் மேல் சீராகப் பரவ வேண்டுமென்றால் 75 கிலோ அளவுக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. மிச்சமுள்ள 56 கிலோவையும் சூடு வைத்து விரட்டியாக வேண்டும்.

இந்தத் தண்ணீரை 60 கிலோவுக்கு இறக்கினால் என்ன ஆகும், போர்டின் அடர்த்தியை 0.7-லிருந்து 0.6-க்கு இறக்கினால் என்ன ஆகும் என்று தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். 12.5 மி.மீ. தடிமன், ஒரு சதுர மீட்டர், காகிதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

| நிலை | தேவையான ஸ்டக்கோ (கிலோ) | ஆவியாக்க வேண்டிய நீர் (கிலோ) |
|---|---|---|
| அடர்த்தி 0.7, நீர் 75 | 7.4 | 4.2 |
| அடர்த்தி 0.7, நீர் 60 | 7.4 | 3.1 |
| அடர்த்தி 0.6, நீர் 75 | 6.3 | 3.6 |
| அடர்த்தி 0.6, நீர் 60 | 6.3 | 2.6 |

உலர்த்தியை மட்டும் பார்த்தால் தண்ணீர்ப் பாதைக்குத்தான் வெற்றி: 27 சதவீதம் குறைகிறது. காற்றால் எடையைக் குறைக்கும் பாதையில் 14 சதவீதம்தான். ஆனால் எடைப் பாதையில் ஸ்டக்கோவே ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். அதைத் தோண்டவும் அரைக்கவும் சுடவும் வேண்டாம், லாரியில் ஏற்றவும் வேண்டாம். உலர்த்தியின் மீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

தண்ணீரைக் குறைக்கும் பாதை

இதற்கென்றே இரண்டு வேதிப்பொருள்கள் போட்டியில் இருக்கின்றன: பழைய ஆள் நாப்தலீன் சல்போனேட், புதிய ஆள் பாலிகார்பாக்சிலேட். இரண்டும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியாமல் பிரித்து வைக்கின்றன. அதனால் குறைந்த தண்ணீரிலும் கூழ் ஓடும். ஒரே அளவு போட்டால் பாலிகார்பாக்சிலேட் அதிகத் தண்ணீரைக் குறைக்கும், சந்தேகமில்லை. விளம்பரத் தாளில் அந்த வரைபடம்தான் முதலில் வரும்.

வராதவை மூன்று. முதலாவது களிமண். இயற்கை ஜிப்சப் பாறையில் களிமண் கலந்திருப்பது சகஜம். அதிலும் ஊதிப் பெருகும் வகைக் களிமண் பாலிகார்பாக்சிலேட்டின் பக்கச் சங்கிலிகளைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். போட்ட மருந்தில் ஒரு பகுதி களிமண்ணுக்கே போய்ச் சேரும். நாப்தலீன் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது நுரை. பாலிகார்பாக்சிலேட் தானே கொஞ்சம் காற்றை இழுக்கும் பொருள். அதற்காக நுரையடக்கி சேர்த்து விற்கும் ரகத்தை வாங்கினால், அது நாம் காசு கொடுத்து உண்டாக்கிய நுரையையும் சேர்த்தே உடைக்கும். கான்கிரீட்டுக்கு நன்றாக வேலை செய்த ரகத்தை அப்படியே இங்கே ஊற்றக்கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவதுதான் பெரியது: இறுகும் நேரம். பாலிகார்பாக்சிலேட் இறுகுதலைத் தாமதப்படுத்தும். போர்டு ஆலையில் தாமதம் என்றால் என்ன? 300 மீட்டர் பெல்ட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மிக்சரிலிருந்து, மறுமுனையில் போர்டை வெட்டும் கத்திக்கு வர 4 நிமிடம் என்றால் வேகம் நிமிடத்துக்கு 75 மீட்டர். கத்திக்கு முன்னால் நின்று கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழக்கூடாது, அவ்வளவு இறுகியிருக்க வேண்டும். இறுகுவது அரை நிமிடம் தள்ளிப்போனால் பெல்ட்டை நீட்ட முடியாது, வேகத்தைத்தான் 67-க்கு இறக்க வேண்டும். மிச்சம் பிடித்த எரிபொருளை உற்பத்தி இழப்பு விழுங்கிவிடும். சரி, நன்றாக அரைத்த ஜிப்சத் தூளை, இறுகுதலைத் தூண்டும் விதைப் படிகமாகக் கூடுதலாகப் போட்டு ஈடுகட்டலாம். ஆனால் அந்தத் தூளும் தண்ணீர் கேட்கும். அதிகம் போட்டால் கூழ் மிக்சருக்குள்ளேயே கட்ட ஆரம்பித்துவிடும்.

இந்த இடத்தில் யாரும் அதிகம் பேசாத மூன்றாவது போட்டியாளர் ஒருவர் உண்டு: ஸ்டக்கோவையே மாற்றுவது. சாதாரணமாகச் சுட்ட ஸ்டக்கோத் துகள், உள்ளே விரிசல் விட்டது. தண்ணீரில் விழுந்ததும் பொடிப்பொடியாக உடைந்து மேற்பரப்பைப் பெருக்கி மேலும் தண்ணீர் கேட்கும். சுட்டதை நீராவியில் சிறிது பதப்படுத்தினால் அந்த விரிசல்கள் ஆறி, துகள் உடைவது குறைகிறது. தண்ணீர்த் தேவை மருந்தில்லாமலே இறங்கும். அழுத்தக் கலத்தில் வேகவைத்துச் செய்யும் ஆல்பா வகை இன்னும் குறைவாகத் தண்ணீர் கேட்கும், ஆனால் விலையும் அதிகம், இறுகுவதும் மெதுவு. முழு போர்டையும் அதில் செய்வது கட்டுப்படியாகாது. நீராவிப் பதப்படுத்தலுக்கு இயந்திர முதலீடு வேண்டும், ஒரே மாதத்தில் முடிகிற வேலை இல்லை. புதிய ஆலை போடுபவர் என்றால் இதை நிச்சயம் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

காற்றுப் பாதை

உடைத்த போர்டின் விளிம்பைக் கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மலிவான லேசான போர்டில் மெல்லிய மாவு போல ஒரே சீரான பரப்பு தெரியும். குமிழிகள் கண்ணுக்கே சிக்காத அளவில் நெருக்கியடித்து நிற்கும். நன்றாகச் செய்த லேசான போர்டில் உருண்டை உருண்டையாகத் தனித்தனிக் குழிகள் தெரியும், நடுவில் கெட்டியான சுவர்கள் இருக்கும். எடை இரண்டிலும் ஒன்றே. நகத்தால் கீறினால் வித்தியாசம் புரிந்துவிடும்: முதலாவது பொடியாக உதிரும்.

காரணம் எளிது. மொத்தக் காற்று அதே அளவாக இருக்கக் குமிழியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், குமிழிகளின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகும். இடைச்சுவரின் தடிமன் இரட்டிப்பாகும். ஆணியின் தலை போர்டுக்குள் புதைந்துபோக எவ்வளவு விசை வேண்டும் என்ற சோதனையில்தான் லேசான போர்டுகள் முதலில் தோற்கும். அரை அங்குல சாதாரண போர்டுக்கு அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் சி1396 கேட்பது 77 பவுண்டு விசை, அதாவது 343 நியூட்டன். அந்த வரம்பைத் தாண்டிக்கொண்டே எடையைக் குறைக்க, தடித்த சுவர்தான் கைகொடுக்கிறது.

பெரிய குமிழியை எப்படி வரவழைப்பது? இரண்டு வகை சோப்பு. ஈதர் சேர்ந்த ஆல்கைல் சல்பேட் உறுதியான நுரையைத் தரும். நுரை உடையாது, குமிழியும் சிறிதாகவே நிற்கும். ஈதர் இல்லாத வகை தளர்வான நுரை. கூழுக்குள் போனதும் பக்கத்துக் குமிழியோடு சேர்ந்து பெரிதாகும். இரண்டையும் கலக்கும் விகிதம்தான் திருகு. திருகினால் சில நிமிடத்தில் பலன் தெரியும், பிடிக்கவில்லையா, திருப்பித் திருகிவிடலாம். இந்த மாதிரி மீளக்கூடிய பரிசோதனை இந்தத் தொழிலில் அபூர்வம்.

ஆபத்து இல்லாமலில்லை. தளர்ந்த சோப்பு அளவுக்கு மீறினால் காகிதத்துக்கு அடியில் கொப்புளம் எழும். நுரை வீணாகப் போய் எடையும் கூடும். நீரின் கடினத்தன்மை, ஸ்டக்கோவின் களிமண், கூழின் சூடு எது மாறினாலும் விகிதம் மாற வேண்டும். நுரையை மிக்சரின் வயிற்றுக்குள் விட்டால் அங்கே சுழலும் ஊசிகள் அதை அடித்து நொறுக்கிவிடும், வெளிவாயில் சேர்ப்பதுதான் சரி. அப்புறம், காகிதத்தை ஒட்டிய இடத்தில் குமிழி இருந்தால் பிடிப்பு போய்விடும். அதனால் நுரை கலக்காத கெட்டிக் கூழை உருளையால் மெல்லியதாகக் காகிதத்தில் பூசி, அதன் மேல் நுரைக்கூழை விடுகிறார்கள். ஓரங்களுக்கும் அதே கெட்டிக் கூழ்தான். அங்கேதான் போர்டு இடிபடும், திருகாணியும் ஏறும்.

இந்தப் பிடிப்பைச் சோதிக்கக் கருவி வேண்டாம். போர்டைக் கீறி மடக்கி உடைத்துக் காகிதத்தை உரியுங்கள். காகிதம் தன் அடுக்குகளுக்குள்ளேயே கிழிந்து, நார் ஜிப்சத்தில் ஒட்டியிருந்தால் நல்லது. வழவழவென்று முழுத்தாளாகக் கழன்று வந்து விரலில் வெள்ளைப்பொடி ஒட்டினால், நுரையிலோ ஸ்டார்ச்சிலோ உலர்த்தியிலோ கோளாறு. ஸ்டார்ச்சிலும் இரண்டு உண்டு. அமிலத்தால் மெலிதாக்கிய ஸ்டார்ச் உலரும்போது தண்ணீரோடு நகர்ந்து காகித ஓரத்துக்குப் போய், அங்குள்ள படிகங்கள் சூட்டில் வெந்து பொடியாகாமல் காக்கும். முன்பே வேகவைத்த ஸ்டார்ச் நடுவிலேயே நின்று சுவர்களைக் கட்டும், ஆனால் கூழைக் கெட்டியாக்கித் தண்ணீர் கேட்கும். லேசான போர்டுக்கு இரண்டாவதைத் தவிர்ப்பது கடினம். அது கேட்கும் தண்ணீரைச் சமாளிக்க நீர்க்குறைப்பி தேவைப்படும். இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடம் இதுதான்.

இன்னொரு சந்திப்பும் உண்டு. நுரைக்கும் தண்ணீர் வேண்டும். லிட்டருக்கு 80 கிராம் எடையுள்ள நுரை என்று வைத்தால், 100 லிட்டர் நுரை 8 கிலோ தண்ணீரைக் கொண்டுவரும். மொத்தம் 60 கிலோதான் என்று முடிவெடுத்தால் மிக்சருக்குக் கிடைப்பது 52. எடையைக் குறைக்கக் குறைக்க மிக்சரின் பங்கு இன்னும் சுருங்கும்.

அதனால் என் வரிசை இது: முதலில் சோப்பு விகிதம், பிறகு ஸ்டார்ச், அதற்குப் பிறகு நீர்க்குறைப்பி. தலைகீழாகச் செய்தவர்கள் விலையுயர்ந்த மருந்தால் தண்ணீரைக் குறைத்துவிட்டு, போர்டு கனத்துப்போனதைப் பார்த்து நுரையை ஏற்றி, பொடிக்குமிழியால் ஆணிச் சோதனையில் விழுந்து, கடைசியில் சோப்புக்கே வந்து சேர்வார்கள். விதிவிலக்கு ஒன்று: உலர்த்திதான் உற்பத்தியைக் கட்டிப்போடுகிறது, பெல்ட்டில் இடமிருக்கிறது என்றால் நாப்தலீன் வகையோடு தண்ணீர்ப் பாதையைத் தாராளமாக முதலில் எடுக்கலாம். பெல்ட் கட்டிப்போடும் ஆலைக்கு அது பொருந்தாது.

மூலப்பொருள் மாறினால்

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிடிக்கும்போது கிடைக்கும் செயற்கை ஜிப்சம் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மையாக வரும், களிமண் தொல்லை கிடையாது. பாலிகார்பாக்சிலேட் அங்கே தன் முழுத் திறமையையும் காட்டும். அதில் தங்கும் குளோரைடு உப்பை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், இல்லையென்றால் காகிதப் பிடிப்பு கெடும். ஆனால் இதை நம்பி நீண்டகாலத் திட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது, வேறு பல நாடுகளும் அதே வழியில் போகின்றன. இடத்தை நிரப்ப வருவது பழைய போர்டை அரைத்த மறுசுழற்சி ஜிப்சம். அதில் காகித நாரும் பொடித்துகளும் சேர்ந்து வரும், இரண்டும் தண்ணீர் குடிக்கும். மறுசுழற்சிப் பங்கை ஏற்றப்போகிற ஆலை, நீர்க்குறைப்பிக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

எடை குறைக்கக் கூடாத இடம்

ஈரம் தாங்கும் போர்டில் இன்னொரு போட்டி: மெழுகா, சிலிக்கோனா. மெழுகு எடையில் சில சதவீதம் வேண்டும், சிலிக்கோன் ஒரு சதவீதத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் சிலிக்கோன் எண்ணெய்கள் பொதுவாக நுரையை உடைப்பவை. மேலே சொன்ன சோப்புத் திருகையெல்லாம் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

தீத்தடுப்பு போர்டில் விளையாட்டே வேறு. ஒரு கிலோ ஜிப்சத்தில் 209 கிராம் படிகநீர் பூட்டியிருக்கிறது. தீ பிடித்தால் அந்த நீர் ஆவியாகும்வரை பின்பக்கம் பெரிதாகச் சூடேறாது. சதுர மீட்டருக்கு 9 கிலோ ஜிப்சம் உள்ள போர்டில் கிட்டத்தட்ட 1.9 கிலோ தண்ணீர். 7.5 கிலோவுக்கு இறக்கினால் 1.6 கிலோதான். கண்ணாடி இழை, சூட்டில் விரியும் வெர்மிகுலைட் எல்லாம் சேர்த்துச் சுருக்கத்தையும் விரிசலையும் தடுக்கலாம். போன 300 கிராம் தண்ணீரை அவை திருப்பித் தரப்போவதில்லை.