ஸ்ட்ரைப் அட்லஸ்: எச்-1பி விசாவில் இருப்பவருக்கு ஒத்துவருமா?

ஸ்ட்ரைப் அட்லஸ் என்பது அமெரிக்காவில் கம்பெனியை இணையவழி பதிவு செய்து தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் சேவை. எச்-1பி என்பது மனுப் போட்ட முதலாளியிடம் மட்டும் வேலை பார்க்க அனுமதிக்கும் அமெரிக்க விசா. கம்பெனிப் பதிவு என்ற அளவில் அட்லஸ்மீது குறை சொல்ல அதிகம் இல்லை. 500 டாலர் கட்டினால் டெலவேர் மாநிலத்தில் சி-கார்ப் (தனியாக வரி கட்டும் பங்குக் கம்பெனி) அல்லது எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் எளிய கம்பெனி வடிவம்) பதிவாகிவிடும். வரித் துறையான ஐஆர்எஸ் தரும் ஈஐஎன் எண் (கம்பெனியின் வரி அடையாள எண்), பங்கு ஆவணங்கள், 83(பி) தாக்கல் (பங்கு வாங்கும்போதே அதன் மதிப்புக்கு வரி கணக்கிடச் சொல்லும் படிவம்), முதலாண்டுக்கான பதிவு முகவர் (கம்பெனிக்கு வரும் சட்ட, அரசுக் கடிதங்களை வாங்கிக்கொள்பவர்) எல்லாம் அதில் அடக்கம். இரண்டாம் ஆண்டிலிருந்து முகவருக்கு மட்டும் ஆண்டுக்கு 100 டாலர். எச்-1பிக்காரர்களிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இருப்பதால் ஈஐஎன் சீக்கிரமே கைக்கு வந்துவிடும்.

சிக்கல் விசாவில்தான் இருக்கிறது. அதைப் பார்ப்பது அட்லஸின் வேலை அல்ல. எச்-1பியில் இருப்பவர் கம்பெனிப் பங்கு வைத்திருக்கலாம், முதலீடு செய்யலாம், டிவிடெண்டும் வாங்கலாம். அதே கம்பெனிக்குக் கோட் எழுதுவதோ, வாடிக்கையாளருக்கு வேலை முடித்துக் கொடுப்பதோ, அந்தக் கம்பெனியே அவர் பெயரில் எச்-1பி மனுப் போடாதவரை அனுமதியற்ற வேலைதான். “சம்பளமே எடுக்கலையே” என்ற சமாதானம் செல்லாது.

ஆகவே அமெரிக்கக் குடிமகன் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகிற சில பட்டன்களில் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

முதலில், எல்எல்சியா சி-கார்ப்பா? ஒரே உரிமையாளர் உள்ள எல்எல்சியின் வருமானம் சாதாரணமாக உங்கள் சொந்த வரிப் படிவத்தின் ஷெட்யூல் சி-யில் போய் உட்காரும், சுயதொழில் வரியோடு சேர்த்து. ‘தொழில் செய்தது நான்தான்’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகும். கிரீன் கார்டு சமயத்தில் அந்தத் தாள் கேள்வி கேட்கும். சி-கார்ப்பில் கம்பெனிக்குத் தனி வரி, உங்களுக்கு டிவிடெண்ட் மட்டும். எஸ்-கார்ப் (கம்பெனியின் லாபம் நேரே பங்குதாரரின் வரிக் கணக்கில் போய்ச் சேரும் வகை) பக்கம் போவதானால், அமெரிக்க வரிக் கணக்கில் குடியிருப்பாளராக இல்லாத சென்னை நண்பர் ஒருவர் பங்குதாரராகச் சேர்ந்தாலே அந்தத் தகுதி போய்விடும்.

அடுத்தது வெஸ்டிங், அதாவது பங்கு ஒரேயடியாக வராமல், நீங்கள் வேலை செய்யச் செய்யக் கொஞ்சங்கொஞ்சமாக உங்களுடையதாவது. நான்காண்டு வெஸ்டிங் என்றால் பங்கு உங்கள் உழைப்புக்கு ஈடாக வருகிறது என்றே பொருள். ஒற்றை நிறுவனருக்கு அது தேவையே இல்லை; பணம் கொடுத்துப் பங்கை முழுதாக வாங்கிவிடுவது நல்லது. வெஸ்டிங் வைத்தே ஆக வேண்டுமென்றால் 83(பி) தாக்கலுக்குப் பங்கு கைமாறிய நாளிலிருந்து 30 நாள்தான், நீட்டிப்பு கிடையாது. கம்பெனிக்கு அறிவுசார் சொத்தை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இப்போதைய முதலாளியோடு போட்ட ஒப்பந்தத்தைத் தோண்டி எடுத்துப் படியுங்கள். அந்தக் கோட் ஏற்கெனவே அவருடையதாக இருக்கலாம்.

500 டாலரோடு செலவும் முடியாது. டெலவேர் சி-கார்ப்புக்கு ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் ஃபிராஞ்சைஸ் வரி (அங்கே பதிந்திருப்பதற்கான வரி) கட்ட வேண்டும். 1 கோடி பங்கு வரை வெளியிடலாம் என்று பதிந்த கம்பெனிக்கு 85,165 டாலர் என்று கணக்கு வந்து நெஞ்சைப் பிடிக்க வைக்கும். பயப்பட வேண்டாம், பங்கு எண்ணிக்கை முறையை விட்டு கம்பெனியின் சொத்தை வைத்துப் பார்க்கும் ‘அசூம்டு பார் வேல்யூ’ முறையில் கணக்கிட்டால், சொத்து அதிகமில்லாத கம்பெனிக்குக் குறைந்தபட்ச வரி 400, அறிக்கைக் கட்டணம் 50, அவ்வளவுதான். டெக்சாஸிலிருந்து தொழில் நடத்தினால் அங்கேயும் வெளிமாநிலக் கம்பெனியாகப் பதிய 750 டாலர். கலிபோர்னியா என்றால் குறைந்தபட்ச வரி ஆண்டுக்கு 800. வெளி முதலீடு தேடும் எண்ணமே இல்லாதவர் சொந்த மாநிலத்தில் நேரடியாகப் பதிந்துகொள்வதே மலிவு. டெக்சாஸில் அதற்கு 300 டாலர். ஈஐஎன்னை ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம்.

உண்மையாகவே கம்பெனியில் வேலை செய்ய வேண்டுமா? இருக்கும் வேலையை விடாமல், உங்கள் கம்பெனி வழியாகப் பகுதிநேர இணை எச்-1பி (இரண்டாவது முதலாளியிடமும் வேலை பார்க்கும் அனுமதி) போடலாம். ஆண்டு எச்-1பி ஒதுக்கீட்டில் ஏற்கெனவே எண்ணப்பட்டவருக்கு மறுபடி லாட்டரி இல்லை. 2025 ஜனவரி 17-இல் நடைமுறைக்கு வந்த விதி, பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் உரிமையாளரும் இப்படி வரலாம் என்று தெளிவாக்கியது. ஆனால் முதல் மனுவும் முதல் நீட்டிப்பும் தலா 18 மாதம்தான், வேலை நேரத்தில் பெரும்பகுதி சிறப்புத் தகுதிப் பணியிலேயே (துறைசார் பட்டப்படிப்பு தேவைப்படும் பணி) கழிய வேண்டும்.

இங்கே பலர் தடுக்குவது எல்சிஏவில், அதாவது சம்பளம் முதலியவற்றுக்கு உறுதி கொடுத்து மனுவுக்கு முன் தொழிலாளர் துறையிடம் போடும் விண்ணப்பத்தில். புது ஈஐஎன்னைத் தொழிலாளர் துறையால் சரிபார்க்க முடியாமல் விண்ணப்பம் திரும்பிவிடும். ஈஐஎன்னை உறுதிசெய்து ஐஆர்எஸ் அனுப்பிய சிபி 575 கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிச் சரிபார்ப்பை முடித்துவிட்டு எல்சிஏ போடுங்கள். அப்புறம் ஐ-129, அதாவது குடிவரவுத் துறையிடம் போடும் எச்-1பி மனு. 25 பேருக்கு மேற்படாத கம்பெனிக்குக் கட்டணம் 460, 300, 750, 500 எனச் சேர்ந்து 2,010 டாலர், வக்கீல் செலவு தனி. வேலை தொடங்கியபின் எல்சிஏவில் எழுதிய சம்பளத்தைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும், வருமானம் வந்தாலும் வராவிட்டாலும். சில மாதச் சம்பளமாவது கம்பெனி வங்கிக் கணக்கில் இல்லாமல் மனுவைத் தொடாதீர்கள்.

வாழ்க்கைத் துணையிடம் எச்-4 ஈஏடி (எச்-1பிக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை) இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். அவர் பெயரில் அட்லஸில் பதிந்து அவரே நடத்தலாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் அவருடைய வெப்சைட்டை நீங்கள் சரிசெய்து கொடுப்பதும் வேலைதான், அதற்கு அவருடைய அட்டை செல்லாது.