ஸ்லர்ம் வரிசையில் ஐந்து ஆண்டுகள்: கோர்-மணிக் கணக்கும் காத்திருப்பும்

பல ஆய்வுக் குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த தொகுப்பில்), ஐந்து ஆண்டுகளாகப் புரத மூலக்கூறுகளின் இயக்கத்தை க்ரோமாக்ஸ் மென்பொருளால் கணக்கிட்டு வருகிறேன். வேலைகளை வரிசைப்படுத்திக் கணினிகளுக்குப் பங்கிட்டுத் தருவது ஸ்லர்ம் என்ற மென்பொருள். அங்கு செலவு என்பது கோர்-மணி, அதாவது செயலியின் ஒரு கோரை (கணக்கிடும் கருவை) ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருப்பது; காலாண்டுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் குழு முழுவதன் வேலைகளும் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

முதல் ஆண்டில், கோர்கள் கூடினால் வேலை விரைந்து முடியும் என்று நம்பி எப்போதும் 128 கோர் கேட்டேன். ஒரு நிரலில் 95 விழுக்காடு இணையாக ஓடக்கூடியது என்றே வைத்துக்கொண்டாலும், இணையாக ஓடாத பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்னும் ஆம்டால் விதிப்படி 64 கோரில் வேகம் ஏறத்தாழ 15.4 மடங்கும் 128 கோரில் 17.4 மடங்கும்தான், எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகத்துக்காக இரு மடங்கு கோர்களைப் பிடித்து வைத்திருக்கிறோம். அத்தனை கோர்களும் ஒருசேரக் காலியாகும்வரை காத்திருந்ததில் அந்தச் சிறு ஆதாயமும் கரைந்துபோனது. இப்போது ஒவ்வொரு புதிய மூலக்கூறு அமைப்பையும் 16, 32, 64 கோர்களில் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகே எண்ணிக்கையை முடிவு செய்கிறேன்.

என் அனுபவத்தில் அதிகம் பயன் தந்தது, ஒவ்வொரு வேலைக்கும் கேட்கும் நேர வரம்பைக் குறைத்ததுதான். ஒரு பெரிய வேலைக்காக நோடுகள் (கிளஸ்டரின் தனித்தனிக் கணினிகள்) ஒவ்வொன்றாகச் சேரும் இடைவெளியில், அதன் தொடக்கத்தைத் தாமதப்படுத்தாத சிறு வேலைகளை ஸ்லர்ம் முன்னதாக நுழைத்துவிடும். இதையே பேக்ஃபில் என்கிறார்கள். 72 மணி நேரம் கேட்கும் வேலைக்கு அந்த இடைவெளி கிடைப்பது அரிது. க்ரோமாக்ஸ் தன் நிலையை இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொள்வதால், நீண்ட கணக்கீட்டை எட்டு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்கிறேன். பகலில் அசையாமல் கிடந்த வேலைகள் அன்றிரவே தொடங்கிய நாட்கள் பல.

நினைவக விஷயத்தில் பட்ட அடி இன்னும் உறுத்துகிறது. 64 கோரும் 256 ஜிபி நினைவகமும் உள்ள நோடில், ஒரே கோரில் ஓடும் பகுப்பாய்வு ஒன்றுக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று 128 ஜிபி கேட்டுவிட்டேன். கோர், நினைவகம் இரண்டில் எந்தப் பங்கு பெரிதோ அதற்கே கணக்கெழுதுவது எங்கள் கிளஸ்டரின் முறை என்பதால், அந்த வேலைக்கு 32 கோருக்கான கணக்கு ஏறியது. முடிந்த வேலை எவ்வளவு கோரும் நினைவகமும் பயன்படுத்தியது என்று காட்டும் செஃப் (seff) கட்டளையை இட்டுப் பார்த்தால் உண்மையில் பயன்பட்டது 9 ஜிபி! நான் வெறுமனே அடைத்து வைத்த அந்த இடத்துக்காக வேறொரு குழுவினர் வரிசையில் நின்றிருப்பார்கள்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் மாணவர்களிடம், முதல் வேலை முடிந்ததும் செஃப் காட்டும் அறிக்கையை என்னுடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்த பின்னரே இரண்டாவது வேலையை அனுப்பச் சொல்கிறேன்.