தாளத்துல கணக்கு: ஒரு நாள் ஷோவா, எட்டு வாரம் கலைஞரா, ட்ரெயினிங் எடுத்த டீச்சரா, வீடியோ பாட்டா?

பாட்டு, டான்ஸ் வழியா கணக்கும் அறிவியலும் சொல்லித்தரணும்னு இப்ப நிறைய ஸ்கூல்ல பேச ஆரம்பிச்சிருக்காங்க, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துலயும் இந்தப் பேச்சு வருது, சந்தோஷமா இருக்கு. ஆனா கையில இருக்கிறது கொஞ்சப் பணம், அதை எதுல போடுறதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் ஒரு நாள் கலைக்குழுவை வரவச்சு நிகழ்ச்சி நடத்திடலாம்ங்கறார், இன்னொருத்தர் டீச்சருக்கே ட்ரெயினிங் குடுத்தா போதும்ங்கறார், வேற ஒருத்தர் எதுக்கு வீண் செலவு ஸ்மார்ட் போர்டுல பாட்டு போட்டு விட்டா போச்சுங்கறார். என் ஓட்டு நாலாவது வழிக்கு: முறையா கத்துக்கிட்ட ஒரு கலைஞர், ஒரே வகுப்பு, ஒரே பாடப்பகுதி, ஆறுலேர்ந்து எட்டு வாரம், வகுப்பு டீச்சரும் கூடவே உள்ள இருக்கணும்.

இதை ஒப்பிடறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். கிரகங்களோட பேரை ஒரு மெட்டுல போட்டுப் பாடுறது ஒரு வகை. அது ஞாபகத்துக்கு உதவும், திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடியை, அதாவது வாய்ப்பாட்டை, ராகம் போட்டு ஒப்பிச்ச காலத்துலேர்ந்து நாம செஞ்சுக்கிட்டு வர்றதுதான். ஆனா அங்க பாட்டுக்கும் பாடத்துக்கும் உள்ளுக்குள்ள எந்தத் தொடர்பும் இல்ல, அந்த மெட்டுல கிரகத்துக்குப் பதிலா ஊர்ப்பேரை வச்சாலும் அப்படியே ஓடும். இன்னொரு வகையில கலையோட கட்டமைப்பே பாடமா இருக்கும். வகுப்பை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதி தகதிமி தகதிமின்னு தாளச் சொல்லை நாலு நாலா சொல்லட்டும், இன்னொரு பாதி அதே வேகத்துல தகிட தகிடன்னு மூணு மூணா சொல்லட்டும், ஒண்ணா ஆரம்பிச்சா ரெண்டு கோஷ்டியும் பிரிஞ்சு பிரிஞ்சு போய் 12 எண்ணி முடிஞ்சதும் மறுபடி ஒரே இடத்துல 'த'ல வந்து விழுவாங்க, இந்தப் பக்கம் மூணு தடவை, அந்தப் பக்கம் நாலு தடவை. மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) ன்னா என்னன்னு அந்தப் புள்ளைக்கு அதுக்கு மேல விளக்கவே வேணாம், உடம்பே உணர்ந்திருக்கும். அடுத்து அஞ்சு அஞ்சா எண்ணுற கண்டமும் ஏழு ஏழா எண்ணுற மிஸ்ரமும் எங்க சேரும்னு கேளுங்க, சொல்லிப் பாக்குறதுக்கு முன்னாடியே பெருக்கிப் பாத்து 35ன்னு சொல்ற புள்ள நிச்சயமா ஒண்ணு இருக்கும்.

பின்னமும் அப்படித்தான். ஒரு தட்டுக்கு 'த' மாதிரி ஒரு சொல் வந்தா முதல் காலம், அதாவது முதல் வேகம், ரெண்டு சொல் ரெண்டாம் காலம், நாலு சொல் மூணாம் காலம், அரையும் காலும் கைக்குள்ளயே இருக்கு. ½ஐயும் ⅓ஐயும் ஏன் நேராக் கூட்ட முடியாதுன்னு கேக்குற புள்ளைக்கு, ஒரு தட்டை ஆறு சம பாகமா சொல்லவச்சுப் பாருங்க: அரைன்னா மூணு சொல், மூணுல ஒண்ணுன்னா ரெண்டு சொல், ஆக மொத்தம் அஞ்சு சொல், அதாவது ⅚. பகுதியை ஆறாக்குறது ஏதோ வாத்தியார் போட்ட விதி கிடையாதுன்னு அங்கதான் புரியும்.

சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சூசன் கோரி குழு இதை முறையா செஞ்சு பாத்து 2012ல வெளியிட்டாங்க. மூணாம் வகுப்புப் பசங்க 67 பேர், அதுல ஒரு பாதிக்கு வாரம் ரெண்டு வகுப்பு, 45 நிமிஷம், ஆறு வாரம், கைதட்டி, ட்ரம் அடிச்சு, சுரக்குறியீடு மூலமா பின்னம் சொல்லித்தந்தாங்க. கடைசியில வச்ச பின்னப் பரீட்சையில மத்த பசங்களைவிட இவங்க மார்க் 50% அதிகம். சின்ன ஆய்வுதான், அதை வச்சு ஊரெல்லாம் கொடி பிடிக்க முடியாது, ஆனா கவனிக்க வேண்டியது என்னன்னா அது ஒரே ஒரு பாடப்பகுதி, ஆறு வாரம், இசைக்கும் பின்னத்துக்கும் உள்ளபடியே உறவு இருக்கு.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு அமெரிக்காவுல ஹூஸ்டன்ல. அங்க 42 பள்ளிகள், பத்தாயிரத்துக்கும் மேல மாணவர்கள், எந்தப் பள்ளிக்கு கிடைக்கும்னு குலுக்கல் முறையில முடிவு பண்ணி, கலைஞர்கள் வகுப்புக்கு வர்றது, நிகழ்ச்சி, வெளியில கூட்டிட்டுப் போறதுன்னு எல்லாம் கலந்து குடுத்தாங்க. பவன், கிசிடாங்கற ரெண்டு ஆய்வாளர்கள் 2019ல முடிவு சொன்னாங்க: எழுதுற திறன் கூடிச்சு, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகுற பசங்க குறைஞ்சாங்க, மத்தவங்க மேல பரிவு கூடிச்சு, ஆனா கணக்கு, வாசிப்பு, அறிவியல் மார்க்ல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல. எனக்கு இதுல ஏமாற்றமே கிடையாது, பரிவு கூடுறது சாதாரண விஷயமா என்ன. ஆனா கணக்கு வரணும்னு பணம் போடுறவங்க, கலை நேரடியா கணக்கைத் தொடுற மாதிரி அமைச்சாதான் வரும்னு தெரிஞ்சு போடணும்.

சரி, வழிகளுக்கு வருவோம். வீடியோ பாட்டைப் பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. செலவில்ல, சின்னப் பசங்களுக்குப் பிடிக்கும், பேரு ஞாபகம் வச்சுக்க உதவும். ஆனா திரை புள்ளையைப் பாக்காது, ஒரு புள்ள தாளம் தப்பினா அது நிக்காது, தப்புற அந்த இடத்துலதான பாடமே இருக்கு.

ஒரு நாள் நிகழ்ச்சியை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். பறை அடிக்கிறதைப் பக்கத்துல நின்னு பாத்த புள்ள அதை மறக்காது, அந்தக் கலை மேலயும் கலைஞர் மேலயும் ஒரு மரியாதை வரும், நம்ம ஊர்ல அந்த மரியாதை ரொம்ப நாளா பாக்கி இருக்கு. ஆனா அதுல பாடம் ஏறும்னு எதிர்பாக்கக்கூடாது. 1990கள்ல எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கம் நடந்தப்ப கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராப் போய் பாடி ஆடி நாடகம் போட்டு ஜனங்களைப் படிக்க வரணும்ங்கற ஆசைக்குக் கொண்டு வந்தாங்க, ஆனா எழுத்துக் கூட்டி வாசிக்க வச்சது அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் உக்காந்து சொல்லிக்குடுத்த தொண்டர்கள்தான். ஒரு நாள் நிகழ்ச்சியால முடியறது அந்த முதல் வேலை.

டீச்சருக்கு ட்ரெயினிங் குடுக்குற வழிதான் எண்ணிக்கையில பெருசு. 2022ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல ஒண்ணுலேர்ந்து மூணாம் வகுப்பு வரைக்கும் பாட்டு, கதை, பொம்மலாட்டம்னு வகுப்புக்குள்ள வந்துச்சு, பின்னாடி நாலு அஞ்சுக்கும் போச்சு. சிபிஎஸ்இ பள்ளிகள்ல கலை ஒருங்கிணைந்த கற்றலை, அதாவது கலை வழியா பாடம் படிக்கிறதை, கட்டாயமாக்கி பத்தாம் வகுப்பு வரைக்கும் ப்ராஜெக்ட் குடுக்குறாங்க. இதோட பலம், டீச்சர் தினமும் அங்கயே இருக்காங்க, எந்தப் புள்ளைக்கு எங்க சிக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஒண்ணாப்பு பசங்களுக்கு டீச்சர் பாடுற பாட்டே அமோகம், அதுக்கு வெளியாள் தேவையே இல்ல. சிக்கல் மேல் வகுப்புல வருது. மூணையும் நாலையும் ஒரே நேரத்துல கலையாம நடத்தணும்னா கையில தாளம் நிக்கணும், அது ரெண்டு நாள் பயிற்சியில வர்ற விஷயம் இல்ல, மிருதங்கமோ தவிலோ வருஷக்கணக்கா அடிச்ச கைக்குத்தான் அது வரும். அதனாலதான் கலை ப்ராஜெக்ட்னு சொன்னதும் பல வீட்ல சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ராத்திரி பத்து மணிக்கு அம்மா ஒட்டிக்குடுக்குறதுன்னு முடியுது. படம் அழகா இருக்கும், அதுல கணக்கு எங்க இருக்குன்னு தேடணும்.

கலைஞரும் டீச்சரும் சேர்ந்து செய்யுற முறைக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்கிற உல்ஃப் ட்ராப்ங்கற கலை அமைப்பு. 1981லேர்ந்து சின்னப் பசங்களோட வகுப்புக்கு இசை, நடனம், நாடகக் கலைஞர்களை அனுப்புறாங்க. முதல்ல கலைஞர் நடத்துவார், டீச்சர் பாப்பாங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துவாங்க, கடைசியில டீச்சர் நடத்துவாங்க, கலைஞர் ஓரமா நின்னு பாப்பார். அவர் கிளம்பினதுக்கப்புறமும் வேலை நிக்காது. இந்த முறையில பயிற்சி எடுத்த டீச்சர்கிட்ட படிச்ச பசங்களை வச்சு கணக்குல ஒரு ஆய்வு பண்ணினாங்க, முதல் வருஷத்துல 26 நாள், ரெண்டாவது வருஷத்துல 34 நாள் கூடுதலா பாடம் படிச்சதுக்குச் சமமான முன்னேற்றம்னு வந்துச்சு.

நம்ம ஊர்ல இதைக் கணக்கோட நிறுத்த வேண்டியதும் இல்ல. கூத்துல கட்டியங்காரன் இருக்கான்ல, ராஜா வந்ததும் நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க, என்ன ஆச்சுன்னு குறுக்க குறுக்க கேப்பான். தமிழ்ப் பாடத்துல ஒரு கதையை நடத்தும்போது ஒரு புள்ளையைக் கட்டியங்காரனா நிக்கவச்சா, மத்த புள்ளைங்க புஸ்தகத்துல இருக்கிறதை சொந்த வாயால சொல்லியே ஆகணும், ஒப்பிச்சா கட்டியங்காரன் விடமாட்டான். ஹார்வர்டுல எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 1950லேர்ந்து 1999 வரைக்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000ல ஒரு மதிப்பீடு வெளியிட்டாங்க, கலை படிச்சாலே பொதுவா மத்த பாடத்துல மார்க் ஏறும்ங்கறதுக்கு பலமான ஆதாரம் இல்லன்னு வெளிப்படையா சொன்ன அவங்களே, வகுப்புல கதையை நடிச்சுப் பாக்குறது மொழித்திறனை வளக்குதுன்னு உறுதியா சொன்னாங்க. அறிவியல்ல திடம், திரவம், வாயு எடுக்கும்போது பசங்களையே துகளா நிக்கவச்சு, நெருக்கமா நின்னு அதிர்றது, வழுக்கிக்கிட்டு நகர்றது, சிதறி ஓடுறதுன்னு ஒரு நடனக் கலைஞர் அமைச்சுக் குடுத்தா அதுவும் இதே ரகம்தான்.

குறைன்னு பாத்தா செலவு, அப்புறம் ஆள் கிடைக்கிறது. ஒரு வகுப்புக்கு எட்டு வாரம்னா மத்த வகுப்புப் பசங்களுக்கு இந்த வருஷம் கிடைக்காது, அது மனசுக்குக் கஷ்டமான முடிவுதான். நல்லா வாசிக்கிற எல்லாருக்கும் நாப்பது பசங்களை சமாளிக்க வராதுங்கறதும் உண்மை, டீச்சர் உள்ள இருக்கணும்னு நான் பிடிவாதமா சொல்றது அதுக்காகவும்தான். கலைஞர் வந்ததும் ஃப்ரீ பீரியட் கிடைச்சுதுன்னு டீச்சர் ஸ்டாஃப் ரூம் போயிட்டா இந்தத் திட்டம் அன்னிக்கே முடிஞ்சுது.

ஆளைத் தேட தூரம் போக வேணாம். பல மாவட்டத்துல அரசு இசைப்பள்ளி இருக்கு, மிருதங்கம், தவில், பரதம் எல்லாம் முறையா படிச்சவங்க அங்கேர்ந்து வர்றாங்க. 2012ல அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க, ஓவியம், இசை, உடற்கல்வி, தொழிற்கல்வின்னு, ஆரம்பச் சம்பளம் 5,000 ரூபாய். உங்க பள்ளியில அப்படி ஒரு இசை ஆசிரியர் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, கணக்கு டீச்சரையும் அவரையும் ஒரே பீரியட்ல சேத்து விடுறதுக்கு கால அட்டவணையை மாத்தினா போதும். வெளியிலேர்ந்து வரவச்சா, தயவு செஞ்சு சால்வை போத்தி அனுப்பாதீங்க, பேசின கூலியை வாராவாரம் குடுங்க, அவங்க டீச்சரோட உக்காந்து பாடம் திட்டமிடுற நேரத்துக்கும் சேத்துக் குடுங்க.

முதல் சந்திப்புல கலைஞர்கிட்ட என்ன பாட்டு பாடுவீங்கன்னு கேக்காம, ஆறாம் வகுப்பு கணக்குப் புஸ்தகத்தைக் கையில குடுத்து, இதுல எந்தப் பக்கம் உங்க கலையில ஏற்கெனவே இருக்குன்னு கேளுங்க. தவில் வாசிக்கிறவர் பின்னத்துல நிப்பாரு, கோலாட்டம் ஆடுறவங்க அமைப்புகள் (பேட்டர்ன்) பாடத்துல நிப்பாங்க, பரதம் ஆடுறவங்க முட்டியை மடக்கி பாதி உக்கார்ற அரைமண்டியைக் காட்டி கோணத்துல நிப்பாங்க. எட்டு வாரத்தை எதுல ஆரம்பிக்கணும்னு அவங்க நிக்கிற பக்கத்தைப் பாத்தே டீச்சர் முடிவு பண்ணிக்கலாம்.